சொல் உதிர்ந்த மெட்டு

சரித்திரப் படம் எடுப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சான்று தேடுவார்கள். சட்டைப் பித்தான் எந்தக் காலத்தது, விளக்கில் என்ன எண்ணெய் எரிந்தது, வண்டிச் சக்கரத்துக்கு எத்தனை ஆரம் என்று நூலகங்களில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பின்னணி இசை என்று வந்தவுடன் அந்தக் கணக்கு குழம்பிவிடும். 1850களில் சேற்றுக் காட்டுக்குள் நடந்துபோன எந்தப் பெண்ணுக்குப் பின்னாலும் ஓர் இசைக்குழு வாசித்துக்கொண்டு போனதில்லை. அந்த இசை யாருடைய காலத்துக்குச் சொந்தம்? கதைமாந்தரின் காலத்துக்கா, திரையரங்கில் இருக்கும் நம்முடைய காலத்துக்கா?

இதற்கு இயக்குநர்கள் பலவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டான்லி குப்ரிக் 1975இல் எடுத்த 'பாரி லிண்டன்' பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. அதன் உயிரான இடங்களில் ஒலிப்பதோ ஷூபர்ட் 1827இல் எழுதிய பியானோ மூவிசை. காலம் பொருந்தவில்லை, உணர்ச்சி பொருந்தியது. 2005இல் வந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படத்துக்கு டாரியோ மரியநெல்லி இசையமைத்தபோது, பேத்தோவனின் தொடக்ககாலப் பியானோ சொனாட்டாக்களைப் புறப்படும் இடமாக வைத்துக்கொண்டார். அங்கே இசை ஜேன் ஆஸ்டினின் காலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

இரண்டிலும் சேராத ஒரு பதிலைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். 1993இல் ஜேன் கேம்பியன் இயக்கிய 'தி பியானோ' படத்துக்கு மைக்கேல் நைமன் அமைத்த இசை அது. புலம்பெயர்ந்தவர்கள் தங்களோடு எதைக் கொண்டுபோகிறார்கள், போகிற வழியில் அதிலிருந்து எது உதிர்கிறது என்பதைப் பற்றி நான் கேட்டவற்றில் மிகக் கூர்மையான இசை அதுதான் என்று நினைக்கிறேன்.

கதை பலருக்கும் நினைவிருக்கும். ஏடா மெக்ராத் ஆறு வயதிலிருந்து பேசாத ஸ்காட்லாந்துப் பெண். முகம் பார்த்திராத ஸ்டூவர்ட் என்ற குடியேறிக்குத் தகப்பன் அவளை மணமுடித்துக் கொடுக்கிறார். மகள் ஃப்ளோராவோடும் தன் பியானோவோடும் அவள் நியூசிலாந்தில் வந்து இறங்குகிறாள். பியானோ பெரும் பாரம், காட்டு வழியில் தூக்க முடியாது என்று கணவன் அதை அலைகளின் ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறான். ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள கரேக்கரே கடற்கரையில் எடுத்த காட்சி அது. கறுத்த மணல், நுரைக்கும் அலை, நடுவே பெட்டிக்குள் அடைபட்ட ஒரு வாத்தியம்.

இது இயக்குநரின் கற்பனை மட்டுமல்ல. அந்தப் பக்கத்துக் கடல்களில் பியானோ வந்த கதை நீளமானது. 1788இல் முதல் கப்பற்தொகுதி கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு வந்தபோதே 'சிரியஸ்' கப்பலில் ஒரு பியானோவும் வந்தது. கப்பல் மருத்துவர் ஜார்ஜ் வொர்கன் கொண்டுவந்தது. ஊர் திரும்பும்போது அதை எலிசபெத் மெக்கார்தரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் பிராட்வுட் நிறுவனம் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட பியானோக்களைச் செய்துகொண்டிருந்தது. குடியேறிகளின் வீட்டில் தரை மண்ணாக இருக்கலாம், கூரை ஒழுகலாம். கூடத்தில் பியானோ நின்றால் அது மரியாதையான வீடு. பெண்ணுக்குச் சீர் போல அது போயிற்று. போன இடத்தில் உப்புக்காற்றும் ஈரமும் பலகையை வெடிக்கவைத்தன, கம்பியைத் துருப்பிடிக்கவைத்தன. படத்தில் சுருதி கூட்ட வரும் பார்வையற்ற மனிதர் விரலாலும் மூக்காலும் அந்த வாத்தியத்தை ஆராய்ந்து, அது பிராட்வுட் என்று தெரிந்ததும் வியந்துபோவார். வரலாறு தெரிந்தவர்கள் எழுதிய காட்சி அது.

நைமன் முன்னிருந்த சிக்கல் வேறு வகையானது. பொதுவாகப் படம் எடுத்து முடிந்த பிறகுதான் இசையமைப்பாளருக்கு வேலை தொடங்கும். இங்கே கதாநாயகி பேசமாட்டாள்; பியானோதான் அவள் வாய். ஏடாவாக நடித்த ஹாலி ஹண்டர் பியானோ தெரிந்தவர், திரையில் தானே வாசிக்கப்போகிறவர். ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே இசை தயாராக வேண்டியிருந்தது. பாத்திரத்துக்கு வசனம் எழுதும் வேலை அது. 1850களில் ஸ்காட்லாந்திலும் பிறகு நியூசிலாந்திலும் வாழ்ந்த இன்னொரு இசையமைப்பாளரின் இசையை எழுதுவதுபோல் எழுதியதாக நைமனே சொல்லியிருக்கிறார். அந்த இன்னொருவர் ஏடா.

அதற்கு அவர் பொருத்தமான ஆள். 1944இல் லண்டனில் பிறந்தவர். பரோக் இசை அறிஞர் தர்ஸ்டன் டார்ட்டிடம் படித்தவர். 1965இல் நாட்டார் பாடல்களைச் சேகரிக்க ருமேனியாவுக்குப் போனவர். 1968இல் விமர்சகராக எழுதும்போது 'மினிமலிசம்' என்ற சொல்லை இசைக்கு முதலில் பயன்படுத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள். பழைய ஏட்டைத் தேடுவதும், நாட்டுப்புற மெட்டுக்குக் காதுகொடுப்பதும், சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து வளர்ப்பதும் அவரிடம் ஒன்றுசேர்ந்திருந்தன. 1982இல் பீட்டர் கிரீனவேயின் 'தி டிராஃப்ட்ஸ்மன்ஸ் கான்ட்ராக்ட்' படத்துக்கு இதே வழியைக் கையாண்டார். கதை நடப்பது 1694இல். அக்காலத்து ஹென்றி பர்செலிடமிருந்து கீழ்ச்சுர வரிசைகளை எடுத்து, அவற்றின்மேல் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். அடித்தளம் பழையது, வீடு புதியது.

ஏடாவுக்கு அடித்தளம் ஸ்காட்லாந்துப் பாடல்கள். அவள் பெரிய மேடைக் கலைஞர் அல்ல. வீட்டில் வளர்ந்த காது அவளுடையது. அந்தக் காதில் என்ன இருந்திருக்கும்? ஊர்ப்பாட்டுத்தான். ஐந்து சுரங்களைச் சுற்றியே நகரும் மெட்டுகள் அங்கே நிறைய. மோகனம் கேட்டுப் பழகிய காதுக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை. படத்தின் முதன்மை இசைக்கு நைமன் எடுத்துக்கொண்ட மெட்டு, குளிர்காலம் கழிந்து இளவேனில் வருவதைப் பாடும் ஒரு பழம்பாடலுடையது. அதற்குச் சொல் எழுதியவர் ராபர்ட் டானஹில், 1774இல் பிறந்த கைத்தறி நெசவாளி. ஊர் பெய்ஸ்லி. நம் சேலைக் கரையில் ஓடும் மாங்காய் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர்தான். காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து அங்கே நெய்து உலகமெங்கும் விற்றதால் வந்த பெயர் அது. டானஹில் 1810இல், 35 வயதில், நீரில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். படத்தின் கடைசியில் பியானோவோடு கடலுக்குள் இறங்கும் ஏடாவைப் பார்க்கும்போது எனக்கு அந்த நெசவாளியின் நினைவு வராமல் போவதில்லை.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. அந்தப் பாடலுக்குச் சொற்கள் உண்டு. பேசாத பெண் அதை விரலால் வாசிக்கிறாள். நம் ஊரில் நாகஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை எடுத்தால், பந்தலில் இருக்கும் விவரமறிந்தவர்களின் மனதில் சாகித்தியம் தானாக ஓடும். வாத்தியம் சொல்லவில்லை, கேட்பவர் சொல்லிக்கொள்கிறார். பெய்ஸ்லியிலோ கிளாஸ்கோவிலோ ஏடா இதை வாசித்திருந்தால், பக்கத்துவீட்டுக் கிழவி வாய்க்குள் சொற்களை முணுமுணுத்திருப்பாள். நியூசிலாந்துக் காட்டில் அதைக் கேட்பவர்களுக்கோ அந்தச் சொற்கள் இல்லை. மெட்டு மட்டும் வந்து சேர்ந்தது; சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நைமன் செய்ததும் அதுதான். மெட்டை வைத்துக்கொண்டு, அதன் கீழே இடக்கையை நிற்காமல் ஓடவிட்டார். அலை மாதிரி, மூச்சு மாதிரி ஓர் ஓட்டம். 1850இல் அப்படி யாரும் வாசித்திருக்கமாட்டார்கள். அந்நாளைய கூடங்களில் மெண்டல்சோனும் வால்ட்ஸும் போல்காவும் துதிப்பாடல்களும்தான் ஒலித்தன. இந்தப் பொருத்தமின்மையைப் படமே அறிந்திருக்கிறது. ஸ்டூவர்ட்டின் அத்தை மோராக், ஏடாவின் வாசிப்பு மற்றவர்களுடையதைப் போல இல்லை, அது ஒரு மனநிலை போல நமக்குள் புகுந்துவிடுகிறது, அது நல்லதாகப் படவில்லை என்கிற பொருளில் சொல்வாள். காலத்துக்கு ஒட்டாத இசையை அந்தக் காலத்து மனுஷியே உணர்ந்து முகம் சுளிக்கிறாள்.

ஆகவே, அந்த இசை எந்தக் காலத்துக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நைமனின் பதில் இது: அது காலத்தின் இசை அல்ல, ஒருத்தியின் நினைவு. நினைவுக்குச் சான்று கேட்க முடியாது. ஊரில் கேட்ட ஒரு துண்டைத் தனிமையில் ஆயிரம் முறை திரும்ப வாசித்தால் அது ஊரில் இருந்ததைப்போல இருக்காது. தேய்ந்திருக்கும், வேறொன்றாக வளர்ந்துமிருக்கும். அந்த முதன்மை இசைக்கு அவர் வைத்த தலைப்பு எமிலி டிக்கின்சனின் கவிதையிலிருந்து வந்தது. ஏடாவின் காலத்தில் அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட்டில் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர் டிக்கின்சன். அவர் எழுதிய ஏறத்தாழ 1,800 கவிதைகளில் வாழ்நாளில் அச்சேறியவை சுமார் பத்துத்தான். கேட்பார் இல்லாமல் தனக்குள் வளர்ந்த குரலுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலருடைய வீடுகளில் பியானோவோ மின்விசைப்பலகையோ இருக்கும். பிள்ளைகள் கிரேடுப் பரீட்சைக்குத் தயாராவார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை பியானோ. நைமனின் இந்த இசையும் இளம் மாணவர்கள் ஆசைப்பட்டு வாசிக்கும் ஒன்று. என் மகள் அதை வாசித்துப் பழகிய மாதங்களில் நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பிள்ளை கோயிலில் தேவாரமும் பாடுவாள். பண் பிசகாது. பொருள் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெட்டு நிலைத்துச் சொல் உதிர்வது எல்லாப் புலம்பெயர்வுகளிலும் நடக்கிறது. எங்கள் தாத்தா பாட்டிமாருக்குச் சொல்லும் மெட்டும் ஒன்று. எங்களுக்குச் சொல் தெரியும், மெட்டு கொஞ்சம் தடுமாறும். பிள்ளைகளுக்கு மெட்டு மிஞ்சியிருக்கிறது. அவர்கள் அதன்கீழே தங்கள் இடக்கையை ஓடவிடுவார்கள். அது ஊரில் இருந்ததைப்போல இருக்காது என்று நாம்தான் முதலில் மோராக் அத்தையைப்போல முகம் சுளிக்கிறோம்.

ஆனால் குடியேறியின் ஏக்கத்தை மட்டும் பேசி முடித்துவிட்டால் இந்தப் படத்தின் பாதிக் கணக்கை மறைத்தவர்களாவோம். அந்தப் பியானோவுக்கு ஒரு விலை உண்டு. அயலவன் பெய்ன்ஸ், முகத்தில் பாதி மாவோரிப் பச்சை குத்தியவன், தன் 80 ஏக்கர் நிலத்தை ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்துப் பியானோவை வாங்குகிறான். பிறகு ஏடா தன் வாத்தியத்தைக் கட்டை கட்டையாகத் திரும்பப் பெற அவனிடம் போகவேண்டியிருக்கிறது. அந்த 80 ஏக்கர் அதற்கு முன் யாருடையது? பிரித்தானிய முடியும் மாவோரித் தலைவர்களும் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தொடங்கியது 1840 பெப்ரவரி 6. 1848இல் 'ஜான் விக்ளிஃப்', 'ஃபிலிப் லெய்ங்' என்ற இரண்டு கப்பல்களில் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் ஒடாகோவில் இறங்கி டனீடின் நகரைத் தொடங்கினார்கள். 1860இல் தாரனாகியில் நிலத்துக்காகப் போர் மூண்டது. 1863இல் அது வைக்காட்டோவுக்குப் பரவியது. ஏடாவின் கதை இந்த இடைவெளியில் நடக்கிறது. படத்தில் ஸ்டூவர்ட் போர்வையையும் பித்தானையும் காட்டி நிலம் கேட்கிறான். முன்னோர் எலும்பு கிடக்கும் மண்ணை எப்படிக் கொடுப்பது என்பது அவனுக்கு விளங்குவதேயில்லை.

மாவோரி அறிஞர் லியோனி பிஹாமா படம் வந்த மறு ஆண்டே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். மாவோரி மக்கள் வெள்ளையரின் காதல் கதைக்குப் பின்திரையாகவும், சிறுபிள்ளைத்தனமானவர்களாகவும் காட்டப்படுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதை இசைக்கும் நீட்டிப் பார்க்கலாம். நைமனின் இசையில் பியானோ உண்டு, தந்திக்கருவிகள் உண்டு, 1846இல்தான் காப்புரிமை பெற்ற சாக்சபோன்கூட உண்டு. மாவோரி மக்களின் சிறு குழலான கோவவ் அதில் இல்லை. ஏடாவின் நினைவிலிருந்து எழும் இசையில் அது இல்லாதது தர்க்கப்படி சரிதான். அவள் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்டிருந்தாலும் காதில் ஏற்றியிருக்கமாட்டாள். அதுவே பிரச்சினை. தன் ஊர்ப் பாட்டில் மூழ்கியிருக்கும் குடியேறிக்கு, வந்து இறங்கிய மண்ணின் பாட்டு கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நியூசிலாந்திலும் வீடு வாங்கியிருக்கும் நமக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நாம் வெள்ளைக்காரர்களாக வந்தவர்கள் அல்ல, பலர் உயிர்தப்பி வந்தவர்கள். என்றாலும் நம் வீட்டு மனையின் பழைய பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மண்ணில் தமிழின் தடம் ஒன்று ஏடாவுக்கும் முன்பே கிடந்தது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி, வங்காரேக்கு அருகே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது பாத்திரம் அல்ல. விளிம்பு உடைந்த ஒரு மணி. புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று சொன்னார்கள். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மணியைச் சுற்றி எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அவை சொல்கின்றன. எப்படி அங்கே வந்தது என்பதற்குப் பலர் பலவிதமாகக் கதை சொல்வார்கள். இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்த மணியையும் ஏடாவின் பியானோவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பியானோவில் மெட்டு வந்தது, சொல் உதிர்ந்தது. மணியில் சொல் வந்தது, ஒலி உதிர்ந்தது. அதை அடுப்பில் ஏற்றியவர்கள் பிழை செய்யவில்லை. கைக்குக் கிடைத்த பொருளை வாழ்க்கைக்கு ஆக்கிக்கொண்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை அந்த எழுத்து பொறுமையாகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

படத்திலும் இப்படி ஒரு பொருள் உண்டு. ஏடா தன் பியானோவிலிருந்து ஒரு கட்டையைப் பிடுங்கி, அதில் எழுத்துகளைச் சுட்டுப் பொறித்து, பெய்ன்ஸிடம் கொடுக்கச் சொல்லி மகளிடம் அனுப்புகிறாள். கட்டை போனதும் அந்தச் சுரம் ஊமையாகிவிடும் என்று தெரிந்தே செய்கிறாள். பெய்ன்ஸுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. பெண் அதைத் தவறான வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். ஸ்டூவர்ட் கோடரியால் ஏடாவின் விரலை வெட்டுகிறான். ஒலியைக் கொடுத்துச் சொல்லை வாங்கியதற்கு அவள் கொடுத்த விலை அது.

1994இல் ஹண்டருக்கும், பதினொரு வயது அன்னா பக்வினுக்கும், திரைக்கதைக்காகக் கேம்பியனுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இசைக்கு நைமனின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மெட்டு பிள்ளைகளின் விரல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒரு நெசவாளியின் இளவேனில் பாட்டு என்பது தெரியாமலே.

பியானோ கடலின் அடியில் போய்விடுகிறது. அதோடு கயிற்றில் சிக்கி இறங்கிய ஏடா, காலை விடுவித்துக்கொண்டு மேலே வருகிறாள். பிறகு நெல்சன் நகரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள், பேசவும் பழகுகிறாள். இழந்த விரலுக்குப் பெய்ன்ஸ் உலோகத்தில் ஒரு நுனி செய்து கொடுத்திருக்கிறான். வாசிக்கும்போது அது கட்டையில் பட்டு டக் டக்கென்று ஒலிக்கிறது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத சத்தம். அதுவும் இப்போது அவளுடைய இசையில் ஒரு பகுதி.